பின்சீட் பற்றி ஒரு வார்த்தை

பரஞ்சோதி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கோதண்டபாணி பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். சந்தேகப்பட்டாரே தவிர, போய்க் கேட்டதில்லை. கேட்டால் பொய் என்று ஆகிவிடலாம். பொய் என்று ஆகிவிட்டால் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவருக்கு வேறு சாட்சி கிடையாது. உண்மை என்று ஆகிவிட்டால் பழிபோட ஆளில்லாமல் போகும், அது இன்னும் மோசம் என்பதும் தெரியும். ஆகையால் பல்லிடுக்கில் மாட்டிய நாரை நாக்கு நெருடுகிற மாதிரி அதை நெருடிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். இன்றைக்கு அந்தப் பரஞ்சோதி பத்தடி தள்ளி, நெடுஞ்சாலை ஓட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில், ஜிப் மூடாத கறுப்பு ஜாக்கெட்டோடு நின்று வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருப்பவர். எல்லாரையும் சிரிக்கவைக்கிற பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் அவருடைய வழுக்கையிலும், வரிசையாகச் சாய்ந்து நின்ற ஒரே மாதிரி வண்டிகளின் டேங்குகளிலும் ஒன்றுபோல விழுந்தது. தாழ்ந்த சீட்டு, அகன்ற கைப்பிடி, எஞ்சினுக்கு முன்னால் சல்லடை மாதிரி ரேடியேட்டர். காற்று பட்டுக் குளிர்கிற வண்டியில்லை, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்கிற வண்டி என்பதால் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் தண்ணி வண்டி என்பார்கள். விழுப்புரத்தில், பத்திரம் எழுதுகிறவர்கள் உட்காரும் கொட்டகையில், கோதண்டபாணி ஒருமுறை வாய்தவறி அப்படிச் சொல்லிவிட்டு, "என்ன எழுத்தரே, இந்த வயசுல ஆரம்பிச்சிட்டீங்களா" என்ற கேலியை ரொம்ப நாள் சுமந்தார். இன்றைக்கு ஜெரால்டு என்ற யூடியூப் சானல்காரர் போனை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஓனருங்க கருத்து, அவ்ளோதான் சார். பிளஸ் என்ன, மைனஸ் என்ன, மனசுல பட்டத சொல்லுங்க. கேமராவ பாக்காதீங்க, என்னப் பாருங்க." முதலில் பாங்கில் வேலை பார்க்கும் இம்தியாஸ், அடுத்து பரஞ்சோதி, அதற்கடுத்து கோதண்டபாணி. மனசில் பட்டதை. இவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்ட பிறகும் இவருடைய வண்டியின் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது அப்படித்தான், எஞ்சின் நின்றாலும் உள்ளே சூடு இருக்கும் வரை தன்பாட்டுக்குச் சுற்றும். வாங்கிய புதிதில் பழுது என்று பயந்திருக்கிறார். மனைவி அரசிகூடக் கேட்டாள். "ஆஃப் பண்ணியாச்சுல்ல, இன்னும் ஏன் கத்துது?" "சூடு தணியணும்ல." "அப்ப ஆஃப் பண்ணதுக்கு என்ன அர்த்தம்?"

மங்கையர்க்கரசி. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். பதில் வராத கேள்விகளைக் கேட்டுவிட்டு, வராது என்று தெரிந்து, சமையலறைக்குள் போய்விடுகிறவள். தூங்காதவள். அதுதான், எல்லாம் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று இவர் ஆரம்பிப்பார், மனசு உடனே இன்னும் ஒரு படி கீழே இறங்கி, தூங்காததற்கு முன்னால் என்ன என்று கேட்கும், இவர் அந்தப் படியில் கால் வைக்காமல் மேலே வந்துவிடுவார். மகள் நிறைமதி வேற ஆளுங்க வீட்டுப் பையனோடு சேலத்துக்குப் போன வருஷத்திலிருந்து அரசிக்குத் தூக்கம் இல்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்வார். விடியும்போது இவர் எழுந்து வந்தால் அவள் கூடத்து நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள், மடியில் கை கோத்து, பரீட்சை அறையில் காவல் இருக்கிற மாதிரி. மாத்திரை கொடுத்தார்கள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே போனது. அந்த நாட்களில்தான் ஒரு காலை, மயிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பழைய ஸ்கூட்டரில் திரும்பும்போது, இதே ஓட்டலில் டீ குடிக்க நிறுத்தினார். இதே மாதிரி வண்டிகள். நடுவில் இதே பரஞ்சோதி. ஆண்கள் புது வண்டியைச் சுற்றி நிற்கும்போது முகத்தில் வருகிற ஒரு பத்து வயசுக் களை எல்லாருக்கும் வந்திருந்தது, இவருக்கும் வந்தது, இவர் கூச்சத்தோடு அருகே போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்து, பின்னால் இருந்த சின்னத் திண்டைக் காட்டிக் கேட்டார். "பின்சீட் எப்படி சார்? லேடீஸ் உக்காந்து போலாமா?" பரஞ்சோதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பின்சீட்ல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்ததில்ல சார் இதுவரைக்கும். வீட்ல நல்லா தூங்குவாங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்ல என்றால் பரஞ்சோதியின் மனைவி. அதில் என்ன சந்தேகம்? கட்டியவளைப் பேர் சொல்லாமல் வீட்ல என்றுதான் இந்தப் பக்கத்து ஆண்கள் சொல்வார்கள், வீட்ல கேட்டுச் சொல்றேன், வீட்ல கோபமா இருக்காங்க, வீட்ல உடம்பு சரியில்ல. இவரும் அப்படித்தான் சொல்வார். ஆக, பரஞ்சோதியின் வீட்ல இந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து நன்றாகத் தூங்குகிறார்கள். அவ்வளவு அலுங்காத வண்டி. டீ ஆறிப்போனது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் முதுகில் ஒரு கனம் இருந்தது. அரசியின் தலை. அது சாய்ந்து, மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்து, கழுத்துக்குப் பின்னால் சூடான காற்றாகப் படுகிற மாதிரி. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் அப்படித்தான் தூங்குவாள். ஒரு வண்டி வாங்கினால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம். யாருக்கும் போன் பண்ண வேண்டாம், யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

இல்லை, கடைசி வரி அப்போது நினைத்ததில்லை, அது அரசி பின்னால் சேர்த்தது. அவள் சொன்னதும் தான் நினைத்ததும் எங்கே பிரிகிறது என்று இப்போதெல்லாம் அவருக்குப் பிடிபடுவதில்லை, இரண்டு நிலத்துக்கு நடுவில் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டிக் கடைசியில் வரப்பே இல்லாமல் போவதைப் போல. வண்டி வந்தது. கொட்டகையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். முதல் பயணம் ஏற்காடு என்று இவர்தான் முடிவு செய்தார், ஏற்காட்டுக்குப் போக வேண்டுமானால் சேலம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது முடிவு செய்யும்போது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன், அவளுக்காகத்தான், சேலம் வழியாகப் போகும்போது அவளாக ஏதாவது சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. சொன்னேனா அவளிடம்? சொல்லவில்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புது ஹெல்மெட்டுக்குள் முகம் சுருங்கி, அந்தத் திண்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது, தொற்றினாள். சாய ஒன்றும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை, இவருடைய பெல்ட்டைத்தான் பிடித்தாள். ஊர் தாண்டுவதற்குள் சிக்னலில் நின்றபோதெல்லாம் விசிறி ஓடி எஞ்சின் சூட்டை அவள் கணுக்கால் மேல் ஊதியது. "எரியுதுங்க." "ரோட்ல போனா சரியாயிடும்." ரோட்டில் போனபோது சரியானதா என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக்கென்று இடித்துக்கொண்டன. அவர் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எந்தக் கணத்திலும் அந்தத் தலை வந்து சாயும். பரஞ்சோதியின் வீட்ல தூங்குகிறார்களே. அரைமணி நேரம் அப்படிக் காத்திருந்தார், முதுகு முழுக்கக் காதாக. சாயவில்லை. உளுந்தூர்பேட்டையில் தோளைத் தட்டினாள். இறங்கினாள். கெண்டைக்காலில் சைலன்சர் பட்டு ஒரு நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அதைத் தடவவில்லை, பார்க்கக்கூட இல்லை. "நான் பஸ்ல வரேன்" என்றாள். "ஏன், தூக்கம் வரலையா?" என்று இவர் கேட்டார். ஆம், அதைத்தான் கேட்டார். நின்றுகொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள், கரும்பலகையில் விடையைத் தப்பாக எழுதிவிட்டுக் கை கட்டி நிற்கும் பையனைப் பார்ப்பதுபோல. சேலம் பஸ் வந்தது. ஹெல்மெட்டோடு ஏறிக்கொண்டாள்.

பஸ் பின்னாலேயே ஓட்டினார். முந்தியிருக்கலாம், எவ்வளவு சக்தி உள்ள வண்டி, கைப்பிடியை லேசாகத் திருகினால் பஸ் பின்னால் புள்ளியாகிவிடும். முந்தவில்லை. கடைசி வரிசையில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது அவளுக்கு. பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது முதலில் ஹெல்மெட், சீட்டுக்குப் பின்னால் இருந்த திட்டில் அவள் வைத்தது, இவரைப் பார்த்தபடி, உள்ளே முகமில்லாமல். பிறகு அவளுடைய பின்தலை. கள்ளக்குறிச்சி வருவதற்குள் அந்தத் தலை மெதுவாகச் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்து ஜன்னல் கம்பியில் தங்கியது. தூங்கிவிட்டாள். அத்தனை ஆட்டத்தில், டப்டப்பென்று அடிக்கிற கதவுக்குப் பக்கத்தில், பாட்டுச் சத்தத்தில், வருஷக்கணக்கில் தூங்காதவள் ஆத்தூர் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸின் கரும்புகை முகத்தில் அடிக்க அடிக்க அவர் பார்த்துக்கொண்டே போனார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தூக்கம்தானே வேண்டும் என்று கேட்டாய், இதோ தூங்குகிறாள். ஆனால் யாருக்கோ எழுதிக்கொடுத்த நிலத்தில் வேறு யாரோ வேலி போடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் தெளிந்த முகத்தோடு இறங்கினாள். ஹெல்மெட்டை நீட்டினாள். "இத நீங்களே வெச்சுக்குங்க. நான் மதி வீட்டுக்குப் போறேன்." வழி தெரியுமா என்று கேட்க வாய் எடுத்தார், அதற்குள் ஆட்டோக்காரரிடம் தெருப்பெயரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால் பஸ் ஏறியபோதே தெரியும். எங்கே போகிறோம் என்று தெரிந்ததால் தூங்கினாள். இதை அன்றைக்கே, அங்கேயே, அந்த மூத்திர வாடைக்குள் நின்றபடி அவர் புரிந்துகொண்டார். புரிந்ததை மூடிவைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. அந்தக் கல்தான் பரஞ்சோதி. அவர் வீட்ல தூங்கினார்கள் என்றாரே, பொய் சொல்லிவிட்டாரே, அவரை நம்பித்தானே வாங்கினேன். அரசி போனவள் போனவள்தான். வாரம் ஒருமுறை போன் வரும், இங்கே கரண்ட் பில் கட்டியாச்சா, மாத்திரை இருக்கா. அங்கே பேத்தி பிறந்தது. குழந்தையின் பேரைக்கூட அவள் சொல்லித்தான் தெரியும்.

"ஹீட்டு தான் ப்ரோ ஒரே மைனஸ்" என்று இம்தியாஸ் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஹைவேல வெண்ண மாதிரி போகும். ஊருக்குள்ள போனீங்க, கால் இட்லி மாதிரி வெந்துரும். எங்கம்மா கேக்குது, என்னடா இது, வண்டியா அடுப்பான்னு." பரஞ்சோதி வடையை விழுங்கிக்கொண்டே குரல் கொடுத்தார். "தம்பி, கல்யாணம் பண்ணிப் பாரு. அப்புறம் இந்தச் சூடெல்லாம் ஊட்டி மாதிரி தெரியும்." சிரிப்பு. எப்போதும் பரஞ்சோதியின் வாயிலிருந்து ஒன்று விழும், எல்லாரும் சிரிப்பார்கள். கோதண்டபாணி தன்னுடைய கருத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். எழுதினால் பத்திர நடையில்தான் வந்தது. விழுப்புரத்தில் வசிக்கும் இன்னார் மகன் கோதண்டபாணியாகிய நான், முழு சுயநினைவுடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும். தூண்டுதல் இன்றியா? அங்கேயே இடித்தது. நேற்று முன்தினம் அரசி போனில் சொன்னாள், புதன்கிழமை குழந்தைக்குக் காது குத்துகிறார்கள் என்று. "வர்றதுன்னா வாங்க. மதி ஒண்ணும் சொல்ல மாட்டா, மாப்பிள்ளையும் நல்ல மாதிரி. ஆனா வந்து நின்னுக்கிட்டு, உனக்காகத்தான் வண்டி வாங்கினேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அத இன்னொரு வாட்டி கேக்க என்னால ஆவாது." "நான் என்ன பொய்யா சொல்றேன்? அந்த உரக்கடைக்காரர் சொன்னாரு, அவரு வீட்ல..." "அவரு வீட்ல தூங்கினா எனக்கென்ன? ஏன் தூங்கலன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? ஒரு வார்த்தை." கேட்கவில்லை. ஏன் தூங்கவில்லை என்று கேட்டால் பதில் மகளின் பேராகத்தான் இருக்கும். அதனால் பரஞ்சோதியைக் கேட்டார், ரோட்டோரத்தில், முன்பின் தெரியாதவரை. புதன்கிழமை போகலாம். போனால் என்ன கொண்டுபோவது? வளையலையும் தோட்டையும் சொல்லவில்லை, வாயில் என்ன கொண்டுபோவது? அந்த ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தால், ஒரு பெண் எங்கேயோ உண்மையிலேயே இந்தத் திண்டில் உட்கார்ந்து தூங்கியிருந்தால், அவர் முட்டாளாக இருந்தாலும் அன்புள்ள முட்டாள். அது போதும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கலாம். பொய்யாக இருந்தால் ஏமாற்றப்பட்டவன், அப்படியும் நிற்கலாம். இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து நம்ம சீனியர்" என்றார் ஜெரால்டு. பரஞ்சோதி வாயைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் வண்டி அருகே நின்று, வயிற்றை உள்ளிழுத்து, ஜாக்கெட்டின் ஜிப்பை ஒருமுறை முயன்று பார்த்து விட்டுவிட்டார். அவருடைய பின்சீட்டில் ஒரு துவாலை மடித்துக் கட்டியிருந்தது. யாரோ உட்காரக் கட்டியதா, பை வழுக்காமல் இருக்கக் கட்டியதா? கோதண்டபாணி கழுத்தை நீட்டிப் பார்த்தார். பரஞ்சோதி பேசினார், எஞ்சினின் இழுவையை டார்க் என்றார், பாலன்ஸ் என்றார், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது என்றார். "அப்புறம் சார், முக்கியமான கேள்வி, எல்லாரும் கமெண்ட்ல கேக்கறது. பின்சீட் கம்ஃபர்ட்?" என்றார் ஜெரால்டு. பரஞ்சோதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பின்சீட்ல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்ததில்ல தம்பி இதுவரைக்கும். வீட்ல நல்லா தூங்குவாங்க." அதே வாக்கியம். அதே இடத்தில் அதே நிறுத்தம், பலமுறை சொல்லித் தேய்ந்து வழவழப்பான நிறுத்தம். ஜெரால்டு குலுங்கிச் சிரித்ததில் ஸ்டாண்டு ஆடியது. இம்தியாஸ் தொடையில் தட்டிக்கொண்டான். இந்தத் தடவை கோதண்டபாணி சிரிக்கவில்லை, அதனால் அடுத்தவர்கள் சிரிப்பதைப் பார்க்க முடிந்தது. ஏன் சிரிக்கிறார்கள்? ஒரு மனுஷி பின்னால் உட்கார்ந்து தூங்கினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கும் சிரித்தார்களே. நானும் சேர்ந்து சிரித்தேனே, எதற்குச் சிரித்தேன்? தூங்குவாங்க. எங்கே? வீட்ல. வீட்ல தூங்குவாங்க. விடிகாலையில் இந்த மனுஷன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார், வீட்டில் இருப்பவர்கள் வீட்டில் தூங்குகிறார்கள், பின்சீட் காலி, காலியான சீட்டிலிருந்து என்ன புகார் வரும்? காதுக்குள் கொதிநீர் ஊற்றியதுபோல இருந்தது. முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். அவர் எழுதும் பத்திரத்தில் வீடு என்றால் கிழக்கே என்ன மேற்கே என்ன என்று நாலு எல்லையும் சொல்லாமல் ஒரு வரி நகராது, ஆள் என்றால் அப்பன் பேரோடுதான் வருவான், 'அவர்' என்று வெறுமனே எழுதிவிட்டால் எந்த அவர் என்று அவரே அடித்துத் திருத்துவார். இரண்டு அர்த்தம் வரும் வார்த்தையால் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். எந்த வாக்கியத்தை வைத்துத் தன் வாழ்க்கையில் பாதியைக் கிரையம் செய்தாரோ, அதில் மட்டும் எழுவாய் எங்கே என்று பார்க்கவில்லை. அப்படியானால் பரஞ்சோதி பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. விளையாட்டாக ஒன்று சொன்னார். ஒரு விளையாட்டுப் பேச்சைத் தனக்கு வேண்டிய பக்கமாக மடித்துக்கொண்டு போனது யார்? இல்லை, இருக்கட்டும், அவசரப்படாதே, நிஜமாகவே அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து தூங்கியும் இருக்கலாம், துவாலை கட்டியிருக்கிறதே. இவர்கள் சிரிப்பது வேறு எதற்காகவாவது இருக்கலாம். மனசு அந்தத் துவாலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியவளைப் போல.

"சார், நீங்க வாங்க. பேரு, ஊரு சொல்லி ஆரம்பிங்க" என்று ஜெரால்டு கூப்பிட்டார். கோதண்டபாணி போனார், ஆனால் ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு பரஞ்சோதியிடம் போனார். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" பரஞ்சோதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. "இருக்குமே. பழைய ஸ்கூட்டர்ல வந்து விசாரிச்சீங்க. எழுத்தர்தானே நீங்க? பரவாயில்ல, வாங்கிட்டீங்க போல. எப்படி, வீட்ல சௌக்கியமா?" வீட்ல. கோதண்டபாணிக்குக் கூடத்து நாற்காலி கண்ணில் வந்தது, அதன் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கும் அந்த ஹெல்மெட்டும். வீட்ல யாரும் இல்லை என்று சொல்வதா, வீட்ல சேலத்தில் இருக்காங்க என்று சொல்வதா என்று ஒரு கணம் உண்மையிலேயே தடுமாறினார். இவருடைய வண்டியின் விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. "சௌக்கியம்" என்றார். பிறகு, இத்தனை வருஷமும் வாயில் வைத்திருந்ததால் சூடெல்லாம் போய், கொட்டகையில் பத்திரம் எழுத வந்தவரை விசாரிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்:

"சார், ஒரே ஒரு சந்தேகம். வீட்ல நல்லா தூங்குவாங்கன்னு சொன்னீங்களே. அந்த 'வீட்ல'ங்கிறது ஆளா, இடமா?"